ஓடும்போது மயங்கியவனுக்கு ஓர் ஈ.ஸி.ஜி. எடுங்கள்!

சென்னை சென்ட்ரலுக்கு ரயிலில் வந்திருக்கிறீர்களா? ஊர் வந்துவிட்டதென்று எல்லோரும் மூட்டைகளை இறக்கி வைத்திருப்பார்கள். வண்டியோ பேசின் பிரிட்ஜ் அருகே நின்றுவிடும். சிக்னல் கிடைத்த பிறகுதான் நகரும். நமக்குச் சலிப்புத்தான். ஆனால் அந்தக் காத்திருப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும்?

நம் இருதயத்திலும் ஒரு பேசின் பிரிட்ஜ் உண்டு. வலது மேலறையில் பிறக்கும் மின்துடிப்பு, நடுவிலுள்ள ஒரு கணுவில் சுமார் பத்தில் ஒரு விநாடி தயங்கி நின்று, பிறகே கீழறைகளுக்குப் போகிறது. கீழறைகள் சுருங்கியதும், செல்களிலிருந்து பொட்டாசியம் அயனிகள் வெளியேறி, தசையை அடுத்த துடிப்புக்குத் தயார் செய்கின்றன. அந்த அயனிகள் செல்லும் வாயிலைப் பற்றிய ஜீனில் பிறவிக் குறை இருந்தால் இந்த வேலை தாமதமாகும். இதற்கு 'நீள் க்யூ-டி நோய்' என்று பெயர். இந்நோய் உள்ளவர் ஓடும்போதோ, நீந்தும்போதோ, திடீர் ஓசையில் திடுக்கிடும்போதோ துடிப்பு தாறுமாறாகி மயங்கி விழலாம். உயிரும் போகலாம்.

1957-ல் நார்வே நாட்டு டாக்டர்கள் ஜெர்வெல், லாங்கே-நீல்சன் இருவரும் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார்கள். ஆறு குழந்தைகளில் நால்வருக்குப் பிறவியிலேயே காது கேட்காது. நால்வரும் அடிக்கடி மயங்கி விழுவார்கள். மூவர் சிறு வயதிலேயே திடீரென இறந்துபோனார்கள். காதுக்கும் இருதயத்துக்கும் என்ன உறவு? உட்காதிலும் அதே பொட்டாசிய வாயில் இருக்கிறது! தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான ஜீன் வந்தால் இரண்டும் கெடுகின்றன. மாமன் மகளையும் அத்தை மகனையும் மணக்கும் வழக்கமுள்ள நம் நாட்டில் இதை நாம் மறக்கலாகாது.

நெஞ்சு வலித்தாலே பயப்பட வேண்டுமா? வேண்டாம். பள்ளி வயதில் வரும் நெஞ்சுவலி பெரும்பாலும் தசை, விலா எலும்பு, இருமல், வயிற்று அமிலம் இவற்றால் வருவதே. பிரார்த்தனைக் கூட்டத்தில் வெயிலில் நின்று மயங்குவதும் பெரும்பாலும் சாதாரணமே. ஆனால் ஓடும்போது நெஞ்சு வலித்தாலோ, படபடத்து மயங்கினாலோ, குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருந்தாலோ அது வேறு கதை. அதை 'காக்காய் வலிப்பு' என்றும், 'காத்துக் கருப்பு' என்றும் சொல்லிச் சாவியைக் கையில் திணிப்பது அறியாமை.

எல்லா மாணவருக்கும் ஈ.ஸி.ஜி. எடுக்கச் சொல்லவில்லை. இப்படி மயங்கியவர்களுக்கும், பிறவியிலேயே காது கேளாத குழந்தைகளுக்கும் கட்டாயம் எடுக்க வேண்டும் என்பதே என் கருத்து. சில நிமிட வேலை, வலியும் இல்லை. படத்தோடு குடும்ப வரலாற்றையும் டாக்டர் கேட்டறிய வேண்டும், ஏனெனில் சில சமயம் படத்தில் நோய் தெரியாமலும் போகும். கண்டுபிடித்துவிட்டால் விலை குறைந்த 'பீட்டா தடுப்பு' மாத்திரைகளே பலரைக் காக்கின்றன.

கண்ணெதிரே ஒருவர் விழுந்து, மூச்சும் அசைவும் இல்லாவிட்டால்? உடனே 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். மார்பின் நடுவே இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தமாக அமுக்குங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள். இதை உங்கள் பள்ளியில் கற்றுத்தரும்படி ஆசிரியரிடம் கேளுங்கள். நாளை மைதானத்தில் விழுவது உங்கள் நண்பனாகவும் இருக்கலாம் அல்லவா?