ஏறாதவரையும் கணக்கில் எடுப்போம்

பள்ளி விடுமுறை வந்தால் வீட்டில் தீம் பார்க் பேச்சுத் தொடங்கிவிடும். எங்கே போவது என்பதற்கு முன், யார் யார் வருகிறார்கள் என்று பார்ப்போம்.

தோர்ப் பார்க்கின் 'ஸ்டெல்த்' ரைடில் ஏற 1.4 மீட்டர் உயரம் வேண்டும். சின்னத் தம்பி கீழேதான் நிற்பான். ஒன்றிலும் ஏறாமல் பைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மம்மாவுக்கும் நுழைவுச்சீட்டு வேண்டும். செலவை நினைத்தே, "நீங்கள் போய் வாருங்கோ" என்று அவர் வீட்டில் இருந்துவிடுகிறார்.

சவுத்எண்ட் கடற்கரையிலுள்ள அட்வெஞ்சர் ஐலண்டில் உள்ளே போகக் கட்டணமில்லை, ஏறுகிறவர்களுக்கு மட்டுமே. மனோர் பார்க்கில் எலிசபெத் லைன் ரயில் எடுத்து, ஷென்ஃபீல்டில் மாறி, சவுத்எண்ட் விக்டோரியாவில் இறங்கி நடக்கலாம்.

சனிக்கிழமை போனால் ஞாயிறு ஆராதனை தவறாது. பார்க் திறக்கும் நேரத்தையும், ரயில் பாதையில் வேலை நடக்கிறதா என்பதையும் முந்தின நாளே பார்ப்போம். தம்பியின் உயரத்தை வீட்டிலேயே அளந்து, அவன் ஏறக்கூடிய ரைடுகளைக் குறித்துக்கொள்வோம்; அங்கே போய் அழ வேண்டியதில்லை. சாப்பாடும் கட்டிக்கொள்வோம்.

வாலிபராகிய நாம் முறைவைத்து அம்மம்மாவோடு கடலைப் பார்த்து உட்காருவோம். பெரியவர்களைக் கனம்பண்ணுவதற்கு விடுமுறை கிடையாது.