சீருடை போட்டால் கணக்கில் வராதா?

அராஜகவாதத்தைப் புதைக்க வந்திருக்கும் தோழரின் கட்டுரையில், அராஜகவாதி முதல் பக்கத்தில் குண்டு வீசும் கொலைகாரன். மூன்றாம் பக்கத்தில் எறும்புக்கும் தீங்கு நினைக்காத பகல்கனவுக்காரன். இரண்டும் ஒரே ஆள்மீது எப்படி ஒட்டும் என்று கேட்கும் சிரமத்தை அவர் தனக்கும் வைக்கவில்லை, வாசகருக்கும் வைக்கவில்லை.

குண்டுக்குச் சாட்சியாகச் சிகாகோவை அழைக்கிறார். நல்லது. 1886 மே 4 அன்று ஹேமார்க்கெட்டில் குண்டை வீசியது யார் என்று இன்றுவரை தெரியாது. தெரியாமலேயே எட்டு அராஜகவாதிகளைக் கூண்டிலேற்றி, ஏழு பேருக்குத் தூக்கு விதித்து, நால்வரைத் தொங்கவிட்டார்கள். உயிரோடு மிஞ்சிய மூவரை 1893இல் விடுவித்த ஆளுநர் ஆல்ட்கெல்டு, ஜூரியைப் பொறுக்கியதே மோசடி, நீதிபதியோ ஒருதலைப்பட்சம் என்று எழுதிவைத்தார். பூர்ஷ்வா நீதிமன்றம் என்றாலே முகம் சுளிக்கும் தோழருக்கு, அது அராஜகவாதியைத் தூக்கிலிடும்போது மட்டும் நீதிதேவதையாகிவிடும் மர்மம் என்ன? மே 3 அன்று மக்கார்மிக் ஆலை வாசலில் வேலைநிறுத்தக்காரர்களைப் போலீஸ் சுட்டதே, அது வன்முறைக் கணக்கில் சேராதா?

1900இல் இத்தாலி மன்னர் உம்பெர்த்தோவை அராஜகவாதி பிரெஷி சுட்டது கொலைதான். வக்காலத்து வாங்க நான் வரவில்லை. ஆனால் 1898இல் ரொட்டி விலையை எதிர்த்துக் கிளம்பிய மிலான் மக்கள்மீது பீரங்கியைத் திருப்பிய தளபதிக்கு அதே மன்னர் விருது கொடுத்தாரே, அதற்குத் தோழர் ஒதுக்கியது எத்தனை வரி? பூஜ்யம்.

அடுத்து எங்கெல்ஸ். 1872இல் அவர் எழுதிய கட்டுரையிலிருந்து நூற்பாலை, ரயில், கப்பல் மூன்றையும் அப்படியே இறக்குமதி செய்து, கட்டளையில்லாமல் எதுவும் ஓடாது என்கிறார் தோழர். யார் ஓடும் என்றார்கள்? செருப்பு விஷயத்தில் செருப்பு தைப்பவரின் சொல்லை ஏற்பதில் அராஜகவாதி பக்கூனினுக்கே தடையில்லை. ரயில் கிளம்ப ஒருவர் கொடியசைக்க வேண்டும் என்பதில் ஏறியவர், ஊரைச் சுட ஒருவருக்கு உரிமை வேண்டும் என்பதில் வந்து இறங்குகிறார். நடுவில் எந்த ஸ்டேஷனில் வண்டி மாறினார்?

இத்தனை ஆவேசத்துக்கும் காரணம், அவர் வாய் தவறியும் உச்சரிக்காத க்ரோன்ஸ்டாட் கடற்படைக் கோட்டை. 1921 பிப்ரவரியில் அராஜகவாதி க்ரொபோட்கினின் இறுதி ஊர்வலத்துக்காக அராஜகவாதக் கைதிகள் சிலரை ஒருநாள் வெளியே விட்ட போல்ஷெவிக் அரசு, அடுத்த மாதமே, சோவியத்துகளுக்குச் சுதந்திரமான தேர்தல் கேட்ட மாலுமிகள்மீது உறைந்த கடலைக் கடந்து படையை ஏவியது. கோட்டை விழுந்த கையோடு, மார்ச் 18 அன்று, பெத்ரோகிராதில் பாரிஸ் கம்யூனின் ஐம்பதாம் ஆண்டு விழா. அந்த மேடையில் ஒலிபெருக்கி இல்லாமலே முழங்கியிருக்கக்கூடிய நம் தோழர், கம்யூனைச் சுட்ட தியேரைத் திட்டியிருப்பாரா, பாராட்டியிருப்பாரா?