தோற்ற அன்று வீட்டில் என்ன பேசினோம்?



கூடுவாஞ்சேரி ஸ்டேஷனில் காலை ரயிலுக்காக நின்றபோது பக்கத்துத் தெருத் தோழி சொன்னாள்: "இட்லி மாவு அரைச்சு விக்கணும்னு மூணு வருஷமா ஆசை. ஓடலைன்னா தெருவுல எப்படித் தலை காட்டுறது?"

எவ்வளவு நஷ்டம் வரும் என்று அவள் கணக்கே போடவில்லை. தெரு என்ன சொல்லும் என்பதுதான் கவலை. நம்மில் எத்தனை பேர் இப்படி?

2022-ல் நம் மாவட்டத்து மாமல்லபுரத்தில் நடந்த செஸ் ஒலிம்பியாட் ஞாபகம் இருக்கிறதா? 16 வயது குகேஷ் முதல் 8 ஆட்டங்களையும் வரிசையாக ஜெயித்தார். 10-வது சுற்றில், உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவிடம், கைக்குள் இருந்த ஆட்டத்தைக் கோட்டை விட்டார். தங்கத்துக்கு நெருங்கியிருந்த அவருடைய அணி வெண்கலத்தோடு திரும்பியது. தெரு பார்க்கத் தோற்பதற்கே நாம் கூசுகிறோம். அந்தப் பையன் உலகம் பார்க்கத் தோற்றான். தலையைப் பிடித்துக்கொண்டு மேஜை முன் உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் கடைசிச் சுற்று. வந்தான், ஆடினான், டிரா செய்தான்.

2024-ல் சிங்கப்பூரில் டிங் லிரெனோடு உலக சாம்பியன்ஷிப். அங்கேயும் முதல் ஆட்டமே தோல்வி! 14-வது ஆட்டத்தில் ஜெயித்து, 18 வயதில் உலக சாம்பியன் ஆனார்.

இதற்குப் பின்னால் ஒரு வீடு இருந்தது. ஈஎன்டி டாக்டரான அப்பா பிராக்டீஸை ஒதுக்கிவிட்டு மகனோடு ஊர் ஊராகப் போனார். அம்மாவின் சம்பளத்தில் குடும்பம் ஓடியது.

நம் எல்லோருக்கும் அது முடியுமா? முடியாது. சம்பளத்தை விட்டுவிட்டு, நகையை அடகு வைத்துக் கனவைத் துரத்துங்கள் என்று நான் எழுத மாட்டேன். இஎம்ஐ கட்டுகிற வீடுகள் நம்முடையவை.

ஆனால், தாங்கக்கூடிய அளவில் தோற்றுப் பார்க்கலாமே? தோழியிடம் அதைத்தான் சொன்னேன்: தெரிந்த பத்து வீட்டுக்கு மட்டும், ஒரு மாதம் கொடுத்துப் பார். விற்காத மாவு உன் வீட்டுத் தோசை. அவ்வளவுதானே நஷ்டம்?

டிஎன்பிஎஸ்சி மூன்றாவது முறை எழுதுகிற மகள், ஐம்பது வயதில் டிரைவிங் கற்க நினைக்கிற அம்மா, வேலையை விட்டுக் கடை வைக்க ஆசைப்படுகிற கணவர் என்று வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார். அவர்களைத் தடுப்பது தெருப் பேச்சு மட்டுமல்ல, "அப்பவே சொன்னேன்ல?" என்று வீட்டுக்குள் விழுகிற ஒரு வார்த்தையும்தான். மாமியாரோ, கணவரோ, சில நேரம் நாமே சொல்வது.

இந்த மாதம் அந்த ஒரு வார்த்தையை மட்டும் விட்டுப் பார்ப்போமா? யாராவது தோற்று வீடு திரும்பினால், தட்டில் சூடாகச் சாப்பாடு போடுங்கள். பிறகு கேளுங்கள்: "நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

அன்புடன்,
ஆசிரியர்