கண்ணாடி போட்டுப் பார்த்தால் நோயாளியா?

அம்பாங் வீட்டில் அமர்ந்தபடியே, கைப்பேசிக் கேமராவில் விலையுயர்ந்த குளிர்கண்ணாடி நம் முகத்துக்குப் பொருந்துமா எனப் பார்த்துவிடலாம். பொருத்திக் காட்டும் செயற்கை நுண்ணறிவு, முதலில் நம் முகத்தை அளக்கிறது. அந்த அளவு யாருக்குச் சொந்தம்?

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்துப்பூர்வ ஒப்புதலின்றி நிறுவனங்கள் முக அளவைச் சேகரிக்கக் கூடாது. மீறினால் பாதிக்கப்பட்டவரே வழக்குத் தொடுக்கலாம். லூயி விட்டோன், டியோர் மீது 2022இல் வழக்குகள் வந்தன. டியோர் 2023இல் தப்பியது எப்படித் தெரியுமா? குளிர்கண்ணாடி கண்ணைக் காக்கும் மருத்துவச் சாதனம், அதை அணிந்து பார்ப்பவர் நோயாளி, ஆகவே சட்டவிலக்கு உண்டு என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்றது! சிரிப்பதா அழுவதா?

மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2024இல் திருத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 1 முதல், உடற்கூறுகளைத் தொழில்நுட்பத்தால் அளந்து பெறும் தரவும் நோய் விவரம், சமய நம்பிக்கை போலவே சிறப்புப் பாதுகாப்பு பெறுகிறது. பொதுவாக, வெளிப்படையான ஒப்புதல் வேண்டும். சட்டத்தின் தரவுப் பாதுகாப்புக் கோட்பாடுகளை மீறுவதற்கான அதிகபட்ச அபராதம் 3 லட்சத்திலிருந்து 10 லட்சம் ரிங்கிட்டாக உயர்ந்துள்ளது.

ஆனால் இச்சட்டத்தின் கீழ் நாமே இழப்பீடு கேட்டு வழக்குப் போட வழியில்லை; ஆணையரிடம் புகார்தான் செய்யலாம். என் பார்வையில் பெரிய ஓட்டை இதுதான். கொடுத்த ஒப்புதலை எழுத்து மூலம் திரும்பப் பெறும் உரிமை 38ஆம் பிரிவில் இருக்கிறது.