நோயைத் தீர்த்தது யார்?

ஒரு குழந்தைக்கு உடம்பில் ஏதோ ஒன்று கண்டு, சில மாதம் இருந்து, பிறகு மறைந்து போனால், அந்தச் சமயத்தில் பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் "நான்தான் தீர்த்தேன்" என்று சொல்லிக் கொள்ளுவது நம் நாட்டில் வெகு காலமாய் நடந்து வருகிற வழக்கமாகும். மந்திரித்தவன் ஒரு பங்கு கேட்கிறான். நேர்த்திக்கடன் வாங்கிக்கொண்ட சாமியின் பேரால் பூசாரி ஒரு பங்கு கேட்கிறான். இவர்களுடைய யோக்கியதை நம் தோழர்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் ஊசி போட்ட டாக்டரும் அதே வரிசையில் நின்றுதான் தன் பங்கைக் கேட்கிறார் என்று நாம் சொன்னால் தோழர்களில் சிலருக்கே கோபம் வரக்கூடும். வந்தாலும் வரட்டும். டாக்டருக்கும் மந்திரவாதிக்கும் வித்தியாசம் எங்கே இருக்கிறது என்பதைச் சற்று நிதானமாக யோசிக்க வேண்டியிருக்கிறது.

பிறந்த சில வாரத்தில் சில குழந்தைகளுக்கு முகத்திலோ தலையிலோ சிவப்பாக ஒரு தடிப்பு கிளம்பி, நாளுக்கு நாள் பருத்து வரும். இரத்தக் குழாய்கள் கொத்தாகப் பெருகுவதால் உண்டாகும் கட்டி இது. ஹெமாஞ்சியோமா என்று டாக்டர்கள் சொல்லுவார்கள். நம்மவர்களோ, தாய் கிரகணத்தில் வெளியே வந்துவிட்டாள் என்று அவள் தலையிலேயே பழியைப் போடுவார்கள். இந்தக் கட்டியின் குணம் என்னவென்றால், முதல் வருஷத்தில் வளர்ந்து, பிறகு சில வருஷங்களில் பெரும்பாலும் தானாகவே சுருங்கிப் போவதுதான். அப்படியானால் அது சுருங்குகிற காலத்தில் விபூதி பூசினாலும், தாயத்துக் கட்டினாலும், சும்மா இருந்தாலும் பலன் ஒன்றுதானே? விபூதிக்குக் கிடைத்த பேரெல்லாம் இப்படிக் கிடைத்ததுதான். ஆனால் கண்ணை மறைத்தோ மூச்சுக் குழாயை அடைத்தோ வளருகிற கட்டிக்கு வருஷக் கணக்கில் காத்திருக்க முடியாது. வைத்தியம் வேண்டும்.

பிரான்சு தேசத்தில் போர்தோ நகர் குழந்தைகள் ஆஸ்பத்திரியில், மூக்கில் இப்படிக் கட்டி வளர்ந்த ஒரு குழந்தைக்கு இருதயக் கோளாறும் வந்துவிட்டதால், அதற்காக ப்ரொப்ரனலால் என்கிற பழைய மருந்தைக் கொடுத்தார்கள். மறுநாளே கட்டியின் சிவப்பு மங்கி அது இளகத் தொடங்கிற்று. லெயோத்தே லாப்ரேஸ் என்னும் அம்மையாரும் அவருடன் வேலை செய்தவர்களும் 11 குழந்தைகளிடம் இதைக் கண்டு 2008-ல் வெளியிட்டார்கள். நம் நாட்டு மகானாக இருந்தால் அந்த ஒரு குழந்தையோடு ஒரு மடமே கட்டியிருப்பார்! அவர்கள் என்ன செய்தார்கள்? தாங்கள் கண்ணால் கண்டதையே சந்தேகித்தார்கள். 460 கைக்குழந்தைகளைச் சேர்த்து, எதற்கு மருந்து, எதற்கு மருந்தில்லாத வெறும் திரவம் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் பிரித்து, கொடுக்கிறவர்க்கும் வாங்குகிறவர்க்கும் எது எதுவென்று தெரியாமல் வைத்துச் சோதித்தார்கள். ஆறு மாதத்தில் தக்க அளவு மருந்து குடித்தவர்களில் 100-க்கு 60 பேருக்குக் கட்டி முழுதுமோ ஏறக்குறைய முழுதுமோ மறைந்தது. வெறும் திரவம் குடித்தவர்களில் 100-க்கு 4 பேருக்குத்தான் அப்படி மறைந்தது. 2015-ல் இது வெளிவந்தது. அந்த 4 பேர் இருக்கிறார்களே, அவர்கள்தான் நம் பூசாரிகளின் மூலதனம். (இதைப் படித்துவிட்டு, வீட்டில் தாத்தாவுக்கு வாங்கிய மாத்திரையை உடைத்துக் குழந்தைக்குக் கொடுத்துவிட வேண்டாம். இரத்தத்தில் சர்க்கரை இறங்கிப் பெரிய ஆபத்தாகும்.)

இனி பக்கவாதத்துக்கு வருவோம். மூளையில் இரத்த ஓட்டம் தடைப்பட்டோ குழாய் வெடித்தோ கைகால் விழுந்துபோன மனிதனுக்கு, முதல் சில மாதங்களில் கொஞ்சமோ அதிகமோ தானாகவே சுவாதீனம் திரும்புவது உண்டு. அந்த மாதங்களில்தான் புறா இரத்தம் தடவுகிறவன் வருகிறான், எண்ணெய்க்காரன் வருகிறான். ஆகவே இங்கேயும் சோதனை இல்லாமல் எதையும் நம்புவதற்கில்லை. அமெரிக்காவில் எட்வர்டு டவுப் என்பவர், விழுந்த கையை உபயோகியாமல் விட்டுவிடுவதாலேயே அது மேலும் கெடுகிறது என்று கண்டு, நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு விழுந்த கையால்தான் வேலை செய்ய வேண்டும் என்று ஒரு முறை வகுத்தார். விரலும் மணிக்கட்டும் சிறிதாவது அசைகிற 222 பேரிடம் இதைச் சோதித்து 2006-ல் வெளியிட்டார்கள். இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பாகம் உறையோடு இருந்து பயிற்சி செய்தவர்களின் கை, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களின் கையைவிட நன்றாகத் தேறிற்று. ஒரு வருஷம் கழித்தும் அந்தப் பலன் நின்றது.

நம் நாட்டில் நடந்த ஒன்றுதான் நமக்கு அதிக மதிப்பை உண்டாக்குகிறது. பக்கவாதக்காரர்களுக்கு வீட்டிலே பயிற்சி கொடுக்க ஆள் கிடையாது. ஆகவே மனைவிக்கோ மகனுக்கோ ஆஸ்பத்திரியிலேயே கற்றுக்கொடுத்து அனுப்பினால் என்ன என்று லூதியானா டாக்டர் ஜெயராஜ் பாண்டியனும் அவரைச் சேர்ந்தவர்களும் யோசித்தார்கள். எவ்வளவு நல்ல யோசனை! கேட்கிற யாருக்கும் சரி என்றே படும். இந்தியாவில் 14 ஆஸ்பத்திரிகளில் 1,250 பேரைச் சீட்டுப்போட்டுப் பிரித்துச் சோதித்தார்கள். ஆறு மாதம் கழித்து, இறந்தவர்களும் பிறர் உதவியின்றி வாழ முடியாதவர்களும் எத்தனை பேர் என்று எண்ணினால், குடும்பத்தார் பயிற்சி கொடுத்த பக்கம் 100-க்கு 47. கொடுக்காத பக்கமும் 47. உழைத்தவர்கள் முகம் எப்படி இருந்திருக்கும்! என்றாலும் அதை மூடி மறைக்கவில்லை. "நாங்கள் நினைத்தது பலிக்கவில்லை" என்று 2017-ல் உலகத்துக்கே அச்சிட்டுச் சொன்னார்கள். எந்தக் கோவிலிலாவது, இவ்வளவு பேர் வேண்டிக்கொண்டார்கள், இவ்வளவு பேருக்குப் பலிக்கவில்லை என்று கணக்கு எழுதி வாசலில் ஒட்டியிருப்பதை யாராவது பார்த்ததுண்டா? நாம் மேலே கேட்ட வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. இந்தக் கணக்கை எழுதாத டாக்டர் எவ்வளவு படித்தவரானாலும் அவரைப் பூசாரி வரிசையிலேயே நிறுத்திவைக்க நமக்குக் கூச்சமில்லை.

பலன் இல்லாதது மட்டுமானால் பாதகமில்லை. கெடுதி செய்ததும் உண்டு. குழந்தைகளுக்குத் தலையில் வரும் படைக்கு, மயிரை உதிர வைப்பதற்காக எக்ஸ்ரே காட்டுவது சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் ஐரோப்பா முழுதும் பேர்பெற்ற வைத்தியமாக இருந்தது. இஸ்ரேலில் 1948 முதல் 1960 வரை, பெரும்பாலும் ஆசியாவிலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் குடியேறிய ஏழைகளின் குழந்தைகளுக்கு ஆயிரக்கணக்கில் இதைச் செய்தார்கள். படை போயிற்று, டாக்டருக்குப் பேர் வந்தது. ஆனால் பாருக் மோதான் என்பவர் இந்தக் குழந்தைகளில் சுமார் 11,000 பேரைத் தேடிப் பிடித்து, எக்ஸ்ரே படாதவர்களோடு ஒப்பிட்டு, மூளையில் கட்டிகள் அதிகம் என்று 1974-ல் காட்டினார். 1988-ல் வந்த கணக்குப்படி மூளையிலும் நரம்பு மண்டலத்திலும் கட்டிகள் ஏறக்குறைய 7 மடங்கு. தலைத்தோலுக்குச் செய்த வைத்தியம் மூளையைத் தொட்டுவிட்டது. 1994-ல்தான் அந்த அரசாங்கம் நஷ்டஈட்டுக்குச் சட்டம் செய்தது. நோய் தீரும்போது பக்கத்தில் நின்றவர் எவரும் இருபது வருஷம் கழித்துக் கட்டி வந்தபோது நிற்கவில்லை.

"சோதனை, சோதனை என்கிறீர்களே, ஏழைகளைத்தானே முயல்களாக வைத்துச் சோதிப்பார்கள்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் ஆல்பெர்ட் கிளிக்மன் என்ற பிரபல தோல் வைத்தியர், மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளின் விடுதியில் அக்குழந்தைகளின் தலையில் வேண்டுமென்றே படையை ஒட்டவைத்துப் பார்த்து, 1952-ல் கூச்சமில்லாமல் அதைப் பிரசுரமும் செய்தார். கேட்க நாதியற்றவர்களாகப் பார்த்தே அவர் பொறுக்கினார் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. சாதியின் பேரால் இந்த மாதிரிப் பொறுக்குவதை அனுபவித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் இதற்காகச் சோதனையே கூடாது என்றால், மறுபடியும் புறா இரத்தத்துக்கும் எக்ஸ்ரேக்கும்தான் போய்ச் சேர வேண்டும். நம் நாட்டில் 2009 ஜூன் முதல், மருந்துச் சோதனை எதுவானாலும் ஆரம்பிப்பதற்கு முன்பே அரசாங்கப் பதிவேட்டில் பதிய வேண்டும் என்று கட்டாயமாக்கியிருக்கிறார்கள். யாரும் காசு கொடுக்காமல் அதைப் பார்க்கலாம். ஆனால் இருப்பது இங்கிலீஷில். கையெழுத்துப் போட்டுத் தன் குழந்தையைக் கொடுத்த தாய்க்கோ, ஆறு மாதம் கையைத் தூக்கித் தூக்கிப் பழகிய உழவனுக்கோ, கடைசியில் என்ன முடிவு வந்தது என்று அவர்கள் பாஷையில் ஒரு காகிதமாவது எழுதி அனுப்பச் சட்டம் வேண்டும் என்று நாம் கேட்கிறோம். ஒரு காலணா கார்டு செலவில் முன்பெல்லாம் முடிந்திருக்கக்கூடிய காரியம் இது.