நல்ல விரிகுடா, கெட்ட இலக்கணம்

‘போம் பாஹியா’, அதாவது ‘நல்ல விரிகுடா’ என்று போர்ச்சுகீசியர் வைத்த பெயரே பம்பாயாம். மும்பை 1995இல் முளைத்ததாம். நண்பர் அடித்துச் சொல்கிறார். இலக்கணம் இடிக்கிறதே! போர்ச்சுகீசிய மொழியில் பாஹியா பெண்பால். ‘போவா பாஹியா’ என்றுதான் வரவேண்டும். தாய்மொழியிலேயே பிழையாகவா பெயர் சூட்டினார்கள்?

ஏடுகளைப் புரட்டுவோம். 1516இல் துவார்த்தே பர்போசா எழுதியது ‘தானா-மயாம்பு’. 1525ஆம் ஆண்டுப் போர்ச்சுகீசியப் பதிவில் ‘மோம்பைன்’. இரண்டிலும் ஊர்ப்பெயரின் முதலில் நிற்பது மகரம், ஊருக்குப் பெயர் தந்த மும்பாதேவி அம்மனின் மகரம். அது பகரமானது அந்நிய நாக்கின் கைவரிசை. ஆக, 1995 புதுப்பெயர் சூட்டவில்லை. பழைய பெயரை அரசு ஏட்டில் ஏற்றியது.

தாராவியிலும் மாட்டுங்காவிலும் நம் பெரியவர்கள் இன்றும் ‘பம்பாய்’ என்கிறார்கள், நானும்தான். பழக்கம்! அதற்குப் பொய்ப் பூர்வீகம் எதற்கு?