உதிர்ந்த முடி யாருக்குச் சொந்தம்?

நியூயார்க் வீதிகளில் கிடந்த தலைமுடி, சிகரெட் துண்டு, மென்று துப்பிய சூயிங்கம் ஆகியவற்றை 2012-13-ல் சேகரித்தார் ஹீதர் டூயி-ஹேக்போர்க் என்ற பெண் கலைஞர். அவற்றிலிருந்த மரபணுவை ஆராய்ந்து, முன்பின் அறியாதவர்களின் முகங்களை உத்தேசமாக வடித்துக் காட்சிக்கு வைத்தார். அவை அசல் முகங்கள் அல்ல. ஆனால், மனித உடலின் அந்தரங்கம் குறித்து அவை எழுப்பிய கேள்வி இந்தியாவுக்கும் பொருந்தும்.

கைதாகும் சிலரிடமிருந்தும் உயிரியல் மாதிரிகளைப் பெற 2022-ம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம் வகை செய்கிறது. பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். ஆனால், மரபணு ஆய்வகங்களையும் தகவல் வங்கிகளையும் நெறிப்படுத்த 2019-ல் மக்களவையில் அறிமுகமான மசோதா, நிலைக்குழுவின் ஆய்வுக்குப் பிறகும் நிறைவேறாமல் 2023 ஜூலையில் திரும்பப் பெறப்பட்டது. அதே ஆண்டு நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் மரபணுத் தகவலுக்கெனத் தனிக்காப்பு எதையும் வகுக்கவில்லை.

கைரேகை ஒருவரை மட்டுமே அடையாளம் காட்டும். மரபணுவோ அவருடைய உறவினர்களையும் பரம்பரை நோய்களையும் சேர்த்தே காட்டிக்கொடுக்கக் கூடியது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என உச்ச நீதிமன்றம் 2017-ல் தீர்ப்பளித்துவிட்டது. மாதிரியை எப்போது அழிப்பது, முறைகேட்டுக்கு என்ன தண்டனை என்பதைத் தெளிவாக வரையறுக்க வேண்டியது நாடாளுமன்றத்தின் கடமை.